ஜெபக் குறிப்பில் ஒரு பெயர்

நோயாளியைப் பற்றி அறிந்ததை மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது. விதிவிலக்கு மூன்று: நீதிமன்றம் உத்தரவிட்டால் சொல்லலாம், இன்னாருக்கோ ஊருக்கோ ஆபத்து என்றால் சொல்லலாம், அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய் என்றால் சொல்லலாம். அரசு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன் நான். புதிதாக வரும் எழுத்தர்களிடம், இது உங்களுக்கும்தான் என்று சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறேன். ஞாயிறு ஆராதனையின் ஜெபக் குறிப்பு அந்த மூன்றில் எதிலும் வராது.

என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்று பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சொன்னார்கள். திரும்பும் ஆட்டோவிலேயே ஒரு நிபந்தனை விதித்தாள்.

"ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. பாடகர் குழுவுல நான் எப்பவும் போல நிக்கணும். பாவம்னு ஒருத்தி பாத்துட்டான்னா எனக்குத் தொண்டை அடச்சிக்கிடும்."

மூன்றாவது ஞாயிறு, பிரசங்கம் முடிந்ததும் ஆயர், சபை யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்ற பட்டியலை வாசித்தார். அவள் பெயர், நோய், அறுவைச் சிகிச்சை நாள். ஆராதனை முடியும்வரை அவள் பாட்டுப் புத்தகத்தை முகத்தைவிட்டு இறக்கவில்லை. அடுத்த ஒத்திகையில் அவளுக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். "நீங்க இருந்தே பாடுங்கக்கா" என்றார்களாம். அதன்பின் அவள் போகவில்லை.

யார் சொன்னது என்று துப்புத் துலக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மருத்துவமனையில் ஆவணங்களைப் பார்க்கும் பெண் கோயிலில் எங்களுக்குப் பின் வரிசை. நேரே போய்க் கேட்டேன்.

"அக்காவுக்காக தெனமும் முழங்கால்ல நிக்குதேன் சார். இது தப்பா?"

"பேரைச் சொல்லாட்டி ஆண்டவருக்கு ஆள் தெரியாதோ?"

"அவருக்குத் தெரியும். சபையும் ஜெபிக்கணும்லா?"

அவள் கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்ட எண்ணம் இருந்தால் விசாரணை எளிது.

வீட்டுக்கு வந்து மருத்துவமனை நிர்வாகத்துக்குப் புகார் எழுதினேன். பொருள், பார்வை, நோயாளி எண், நோயின் முழு விவரம், அதை யார் யார் கேட்டார்கள் என்பது, எல்லாம் முறைப்படி. இரண்டு முறை நினைவூட்டலும் அனுப்பினேன். அதற்குள் அறுவைச் சிகிச்சை முடிந்து, என் மனைவிக்கு முடியும் உதிர்ந்தது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டு ஜனங்கள் வந்தார்கள். அவள் உள்ளறையில் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வாள். ஆப்பிள்களை நான் பெற்றுக்கொண்டேன்.

கடைசியில் பதில் வந்தது. ஊழியர் எச்சரிக்கப்பட்டார், நோயாளிகளின் ரகசியம் பேணுவதே எங்கள் தலையாய கடமை. அதற்கு மேலே, 'பொருள்' என்ற இடத்தில், என் மனுவில் நான் எழுதிய வரி, அவள் பெயரும் நோயும் சிகிச்சை விவரமுமாக, அப்படியே இருந்தது. கீழே, நகல்: ஆயர், சேகரக் குழுச் செயலர், பெண்கள் சங்கத் தலைவி. ஆராதனையில் இருந்தவர்கள் என்று நான் குறிப்பிட்டிருந்த மூவரும்.

அவள் கண்ணாடி போட்டு நிதானமாக வாசித்தாள்.

"இவ்வளவும் எங்கன இருந்து எடுத்தாவ?"

"என் மனுவுல இருந்து."

"எந்தப் பக்கம் எடுத்தாவன்னு ஜெபத்துல சொல்லல. இப்பம் அதுவும் தெரிஞ்சிரும்." காகிதத்தை மடித்து என்னிடம் நீட்டினாள். "ஃபைல்ல வைங்க."

வைப்பதற்கு முன், பழக்கதோஷம், மூலையில் பெறப்பட்ட தேதியைக் குறித்தேன். சபை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு இரண்டு நாள் முந்திய வெள்ளிக்கிழமை.