தவிலுக்கு ஆள் இல்லாத படம்

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் அப்பா இருந்த வீட்டின் முன்கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது அந்தப் படம்தான். தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் அணிந்த ஒருவர் நடுவில் நாற்காலியில் இருக்கிறார். பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். இருவர் கையில் நாதஸ்வரம், ஒருவரிடம் சுருதிக்கு ஊதுகிற ஒத்து, இன்னொருவரிடம் தாளம். காலடியில் ஒரு தவில் கிடக்கிறது. அட்டையின் அடியில் பொன்னிறத்தில் அச்சடித்திருந்த ஸ்டூடியோவின் பெயர் அழிந்துபோய், லண்டன் என்ற சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. விக்டோரியா மகாராணி காலத்துப் படம்.

"நடுவில இருக்கிறவர் என்ர பூட்டன்" என்பார் அப்பா. அதற்குமேல் ஒரு சொல் வராது. மிச்சக் கதையெல்லாம் மற்றவர்கள் கட்டியது. பூட்டன் பெரிய காணிக்காரர், தன் சொந்த மேளகாரரைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி வந்து மகாராணிக்கு முன்னால் வாசிக்க வைத்தவர் என்று மாமிமார் தொடக்கிவைத்தார்கள். என் அண்ணை அதற்குக் கை கால் வைத்து வளர்த்தெடுத்தார். அகதியாக வந்து இறங்கிய குடும்பத்துக்கு அப்படி ஒரு கதை தேவையாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அண்ணை அவர்களைப் படத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவார். "நாங்கள் நேற்று வந்த ஆக்கள் இல்லை" என்று தொடங்குவார். அந்த நேரம் பார்த்து அப்பா தேத்தண்ணி போட எழும்பிப் போய்விடுவார்.

சென்ற மாசியில் அப்பா காலமானார். எங்கள் ஆட்கள் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு இறந்தவர் பெயரில் ஒரு புத்தகம் அடித்து, சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பார்கள். நினைவு மலர் என்பார்கள். தேவாரம், வம்ச வரலாறு, படங்கள், பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் அதில் இருக்கும். எழுத்து வேலை அண்ணைக்கு, படங்கள் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். பூட்டனின் படத்துக்குக் கீழே போட வேண்டிய வரியை அண்ணை முதல் நாளே எழுதி அனுப்பிவிட்டார்: மகாராணியின் அழைப்பில் லண்டன் வந்த எமது பூட்டனாரும் அவரது இசைக்குழுவினரும்.

அந்த வரியில் அவருக்கு ஒரு அவசரம் இருந்தது. அவருடைய மகளுக்கு வெஸ்ட் ஈலிங்கில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் பழைய ஆள். லண்டனில் முப்பது வருடம் இருந்தும், ஊரில் எந்தப் பக்கம், யாருடைய ஆட்கள் என்று விசாரிப்பதை விடாதவர். முப்பத்தோராம் நாளுக்கு அவரும் வருவார், அவர் கையிலும் புத்தகம் போகும்.

சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றி, ஸ்கேன் செய்து, கணினியில் பெரிதாக்கினேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் தொழில். எந்தப் படத்தைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் கைக்குத்தான் என் கண் போகும். பூட்டனின் வலது கை முழங்காலில் விரிந்திருந்தது. விரல் நுனிகள் பருத்திருந்தன. நெஞ்சில் நீண்டகால நோய் உள்ளவர்களுக்கு விரல் நுனி அப்படிப் பருப்பதுண்டு. அப்பாவும் நெஞ்சு நோயில்தான் போனார். பரம்பரைச் சாமானோ என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அன்று என் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் இடது கையைப் பார்த்தேன். அது எல்லாரையும்போல ஒரு கை. நோய் ஒரு கையை மட்டும் பிடிக்காதே என்று யோசித்தேன், ஆனால் அதற்குமேல் மூளை ஓடவில்லை.

நூலகத்தின் கணினியில் பழைய பத்திரிகைகளைத் தேடினேன். மகாராணியின் அழைப்பு எதுவும் அகப்படவில்லை. கீழைநாட்டு வாத்தியக்காரர்களைக் கப்பலில் கொண்டுவந்து, டிக்கெட் போட்டு, சனத்துக்குக் காட்டியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. பாம்பாட்டிக்கும் யானைக்கும் இடையில் அவர்களுக்கும் ஒரு வரி. பெயர் போடவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யானைக்குக்கூடப் பெயர் இருந்தது.

புத்தகத்துக்கு அப்பாவின் நல்ல படம் ஒன்று வேண்டியிருந்தது. என் கலியாண வீடியோவில் ஒன்று பிடிக்கலாம் என்று போட்டேன். அந்த வீடியோவை நான் பார்ப்பதில்லை. கெட்டிமேளம் முழங்க, கழுத்தில் தாலி ஏறுகிறது, மண்டபமே என்னைப் பார்த்து அட்சதை போடுகிறது, பெற்ற தகப்பன் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் கோபம் எனக்குப் பல வருடமாக இருந்தது. சீதனமா கேட்டேன், ஒரு பார்வைதானே என்று என் கணவரிடம் எத்தனையோ தரம் குறைபட்டிருக்கிறேன்.

வீடியோக்காரர் அந்த இடத்தில், வழக்கம்போல, தவில்காரரின் கையை நெருக்கமாகக் காட்டினார். இடது கையில் கோல். வலது கை விரல்களில் துணியும் பசையும் சுற்றிக் காயவைத்த வெள்ளைக் கூடுகள். நான் வீடியோவை நிறுத்தினேன். அந்தத் தடித்த விரல் நுனிகளை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தவில் கிடக்கிறது, தவிலுக்கு ஆள் இல்லை. இத்தனை வருடம் அந்தப் படத்துக்கு விளக்குக் கொளுத்தினோம், ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. ஆள் நடுவில், நாற்காலியில், விரல்களில் கூட்டோடு இருக்கிறார். கோட்டைப் பார்த்த நாங்கள் அவரை முதலாளியாக்கிவிட்டோம். அவரும் மேளகாரர்தான்.

அடுத்த நாள் அண்ணை வந்தார். பெரிதாக்கிய விரல்களைக் காட்டினேன்.

"உனக்கென்ன விசரே?" என்றார். "இதைப் போய் ஆருக்கும் சொல்லிப்போடாதை."

"ஏன் அண்ணை? உங்கட மகள் மிருதங்க அரங்கேற்றம் செய்யேக்கை நானூறு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டனீங்கள்தானே."

"அது வேற, இது வேற. ஊரில மேளகாரர் எண்டால் எங்க இருத்தி வைப்பினம் எண்டு உனக்குத் தெரியாதே? வெஸ்ட் ஈலிங்காற்ற காதில விழுந்தால் என்ர பிள்ளையின்ர விஷயம் முடிஞ்சுது."

"அப்ப படத்தை விடுவம். பொய்யை அச்சடிக்க என்னால ஏலாது."

"விட ஏலாது. அப்பான்ர படமெல்லோ அது" என்றார். "அவர் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னவர்தானே. நடுவில இருக்கிறவர் என்ர பூட்டன் எண்டு. அவர் பொய் சொல்லேல்லை, நாங்கள்தான் கேக்கேல்லை."

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் வீடியோவைப் போட்டேன். அப்பா என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த இடத்தைக் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றது தவில்காரரின் விரல்களை. அண்ணை என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினார். பின்னுக்குப் போய்த் திரும்பவும் போட்டார்.

"அவற்ற கையைப் பார், தங்கச்சி."

நான் அப்பாவின் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். கை பார்க்கிற தொழில்காரி, சொந்தத் தகப்பனின் கையைக் கோட்டைவிட்டிருக்கிறேன். அட்சதை இடது கைக்குள் அப்படியே இருந்தது. வலது கை தொடையோடு ஒட்டியிருந்தது, விரல்கள் வேட்டியில் அடித்துக்கொண்டிருந்தன. தவில்காரரின் விரல் போகிற இடமெல்லாம் அப்பாவின் விரலும் போனது. ஒரு அடிகூடத் தவறவில்லை. என் தாலிக்கு அப்பா கெட்டிமேளம் வாசித்துக்கொண்டிருந்தார்.

நான் அழுதேன். அண்ணை எழும்பி வெளியே போய்த் தோட்டத்தில் நின்றார். போகும்போது அந்த வரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் காலையில்தான் புத்தகக் கட்டைப் பிரித்தேன். படம் இருந்தது. கீழே இருந்த வரி மாறியிருந்தது: நடுவில் இருப்பவர் எங்கள் அப்பாவின் பூட்டனார், தவில் வாசித்தவர்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெஸ்ட் ஈலிங்கிலிருந்து வந்தவர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு வந்து அந்தப் பக்கத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். சுவரிலிருந்த படத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"இவை உங்கட ஆக்களோ?" என்று அண்ணையிடம் கேட்டார்.

அண்ணையின் மகள் என் பக்கத்தில்தான் நின்றாள். அண்ணை அவளை ஒருதரம் பார்த்தார்.

"ஓம்" என்றார். "அஞ்சு பேரும் எங்கட ஆக்கள்தான்."

அப்பா உயிரோடு இருந்திருந்தால், அன்றைக்குத் தேத்தண்ணி போட எழும்பியிருக்க மாட்டார்.