பாறையில் இருந்த பதினொன்று

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் எதுவும் காயாது. துணி காயாது, விறகு காயாது. ஆனால் செடி சேகரிக்க வந்த பேராசிரியருக்குத் தாள் காய வேண்டியிருந்தது. அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ஆனி மாதம். நான் கூட்டிப் பெருக்கும் விடுதியில் அவரும் நான்கு மாணவர்களும் தங்கியிருந்தார்கள். பகலெல்லாம் மலையில் செடி பிடுங்குவார்கள். சாயங்காலம் அவற்றைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்துப் பலகையால் இறுக்கிக் கட்டுவார்கள். தாள் ஈரத்தை உறிஞ்சும். தினமும் ஈரத்தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாள் மாற்ற வேண்டும். அடுப்புத் தணலில் அந்தத் தாள்களைக் கருகாமல் வாட்டிக் கொடுப்பது என் வேலை.

வாட்டும்போது செடிகளையும் பார்ப்பேன். எல்லாம் விறகுக்குப் போகையில் நான் மிதித்து நடந்தவை. ஒன்றை மட்டும் காணோம்.

நானாகப் போய் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. அன்று என்ன தோன்றியதோ, "சார், செண்பகாதேவி அருவிக்குப் போற வழியில ஒரு பாறையில சின்னதா ஊதாப் பூ பூக்கும். அத நீங்க எடுக்கலியே" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் கூட்டிப் போனேன். நீர் கசியும் பாறையில் அப்பிய மாதிரி இரண்டே இலை, நடுவில் விரல் நீளத் தண்டு, உச்சியில் பூ. பேராசிரியர் முழங்காலிட்டு, பெரிதாகக் காட்டும் கண்ணாடி வழியே பார்த்தார். "கண்டுபிடிச்சிட்டோம்பா!" என்றார் மாணவர்களிடம். சின்ன வயதிலிருந்து நான் பார்த்து வந்த பூ. ஆனாலும் எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஒன்று எடுப்பார்கள் என்று நினைத்தேன். முதல் செடியைக் கத்தியால் வேரோடு பெயர்த்தார்கள். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. "தாளுக்கு ஒண்ணா ஒட்டி வைக்க, ஒரே வகையில பத்துச் செடியாவது வேணும்மா. ஒவ்வொரு ஊர்க் காலேஜுக்கும் ஒண்ணு அனுப்பணும்" என்றார் ஒரு மாணவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு. பத்தும் ஆயிற்று. பாறை இடுக்கில் பூக்காத குட்டி ஒன்று மிச்சம். "இளஞ்செடி எப்படி இருக்கும்னு காட்டணும்ல" என்று அதையும் நெம்பினார்கள்.

ஒன்றையாவது விடுங்கள். இந்த இரண்டே வார்த்தையை நான் சொல்லவில்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

ஆறு நாள் அந்தப் பதினோரு செடிக்கும் நான்தான் தாள் வாட்டினேன். ஊதா நிறம் தேயிலைச் சக்கை நிறமாயிற்று. ஒவ்வொன்றோடும் இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதி வைத்தார்கள். என்னவென்று கேட்டேன். "மிக அரிதுன்னு போட்டிருக்கோம்" என்றார் அதே மாணவர், சந்தோஷமாக. அதை அரிதாக்கியது யார்?

என்னோடு விறகுக்கு வரும் மதினியிடம் சொன்னேன். "ஏட்டி, வருசத்துக்கு ஒருக்க வாயத் தொறப்ப. அதையும் இவனுவகிட்டயா போயி தொறந்த? காட்டிக் குடுத்த வாயி, போதும்யான்னு சொல்ல மட்டும் ஒட்டிக்கிட்டாக்கும்?" என்றாள்.

அடுத்த ஆனியில் பாறை வெறுமையாக இருந்தது. அதற்கடுத்த ஆனியில், பெயர்த்த இடங்களைப் பாசி மூடியிருந்தது.

மூன்றாம் வருடம் பேராசிரியர் மறுபடி வந்தார். "ஏம்மா, அந்தப் பாறைக்கு இன்னொரு தடவை போகணும். செடி ஒட்டின தாள்ல ரெண்டைப் பூச்சி அரிச்சிடுச்சு."

"அங்கன ஒண்ணும் இல்ல சார்."

"சீசன் இன்னும் வரலையோ?"

"சீசன் வந்துட்டு. செடிதான் இல்ல. பதினொண்ணையும் நீங்கதான் கொண்டு போனீங்க. பூச்சிக்கு ரெண்டு குடுத்தீங்களே, பாறைக்கு ஒண்ணு விட்டீங்களா?"

என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதை விழுந்திருக்கும்மா. எங்கேயாவது முளைக்கும்" என்றார். பூவாக இருக்கும்போதே பிடுங்கிய செடிக்கு ஏது விதை? எட்டாவது வரை மட்டுமே படித்த நான் அதை அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

அந்த வருடம் அறையைப் பெருக்கினேன்; தாளைத் தொடவில்லை. சாரல் ஓயவே இல்லை. அவர்கள் கட்டி வைத்த செடியெல்லாம் பூஞ்சணம் பூத்துவிட்டது. போகும்போது அறையில் விட்டுப்போன அந்தத் தாள்களை நான்தான் அள்ளிக் குப்பையில் போட்டேன். எனக்கு ஒரு துளி வருத்தமும் வரவில்லை.