என் பேருல தின்ன கேக்கு

என் பேத்தி லென்கா பொறந்து இன்னிக்கு எழுபத்தோரு நாள். கொட்டாவி விட்டா மூக்கு சுருங்குது பாருங்க, அது அப்படியே எங்க அம்மா மூக்கு. வீட்டுல ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. நேத்து என்னைப் பாத்துச் சிரிச்சா. "அது வாயுப்பா"ன்னு மகள் சொல்றா. வாயுன்னா என்னைப் பாக்கும்போது மட்டும் ஏன் வருது?

அவளைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன். இப்பச் சொல்லப் போறது அவளோட ஞானத்தகப்பன் ஸ்ரெட்கோவைப் பத்தி.

ஸ்ரெட்கோ பால் வண்டி ஓட்டினவன். முப்பத்தோரு வருஷம். மலை ஊருங்களுக்கெல்லாம் போய்ப் பால் எடுத்துக்கிட்டு எங்க ஊர் பிரோத்துக்கு இறங்குவான். நான் வீட்டுக்கு வெள்ளையடிக்கறவன், திஹோமிர்னு பேரு, எட்டாவதோட படிப்பை விட்டவன். ரெண்டு பேரும் பட்டாளத்துல பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எல்லாரும் ஜாமைக் கொடுத்து சிகரெட் வாங்குவானுங்க. இவன் மட்டும் சிகரெட்டைக் கொடுத்து ஜாம் வாங்குவான். விரல விட்டு வழிச்சுத் தின்னுட்டு டப்பாவை வெளிச்சத்துல தூக்கிப் பாப்பான்.

என் கல்யாணத்துக்கு அவன்தான் சாட்சி. கோயில்ல எனக்குப் பின்னாடி மெழுகுவத்தி பிடிச்சுக்கிட்டு நிக்கறான். பாதிரியார் ஜெபம் சொல்றாரு, பின்னாடி கடுக்குனு ஒரு சத்தம். கோட்டுப் பையில சர்க்கரை தடவின பாதாம் வெச்சிருந்திருக்கான். ஸாகோர்கா, என் பொண்டாட்டி, முக்காட்டுக்குள்ளயே சிரிச்சா.

அன்னிலேர்ந்து அவன் எனக்குக் கூம். சாட்சி நின்னா வர்ற உறவுக்கு எங்க ஊர்ல அதான் பேரு, ரெண்டு பேருமே ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கூப்பிடுவோம். என் மகளுக்கு அவன்தான் ஞானத்தகப்பன். மகளுக்குப் பொறக்கறதுக்கும் அவனேதான். கூடப் பொறந்தவனோட இங்க சண்டை போடலாம், கோர்ட்டுக்குக்கூட இழுக்கலாம். கூமோட முறைச்சுக்கிட்டவனுக்கு மட்டும் ஊர்ல முகம் கிடையாது.

போன செப்டம்பர்ல அவனுக்கு இடது கால் கட்டைவிரல் கறுத்துப் போச்சு. ரொம்ப நாளாவே சர்க்கரை வியாதி. பட்டாளம் முடிஞ்சு பிடிச்ச சிகரெட்டையும் அவன் விடலை. டாக்டரம்மா ஒரே பேச்சுதான் சொன்னாங்க. "இனிப்பையும் புகையையும் விடலைன்னா காலை எடுத்துருவேன்." அதே வாரம் என் மகள் முழுகாம இருக்கற சேதி வந்துச்சு.

ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து அழுதான். "கூமே, ஒத்தைக் காலோட பிள்ளையை எப்படிடா கையில வாங்குவேன்?"

"ரெண்டு காலோட நின்னு வாங்குவே. ஞானஸ்நானம் வரைக்கும் நீ இனிப்பைத் தொடக் கூடாது. நானும் தொட மாட்டேன்."

"நீ ஏன்டா? உனக்கு என்ன கேடு?"

"நீ பட்டினி கிடக்க, நான் எதிர்ல உக்காந்து தின்னுவேனா?"

மூணு தடவை கன்னத்துல முத்தம் கொடுத்துக்கிட்டோம். அதுக்கு மேல எங்களுக்குப் பத்திரம் எழுத வேண்டியதில்லை.

அவன் பொண்டாட்டி ராதுன்கா ஊர்ல இருக்கற நாலு மிட்டாய்க் கடைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்தா. "இவருக்கு ஒரு துண்டு கொடுத்தீங்கன்னா உங்க கடை வாசல்ல உக்காந்து ஒப்பாரி வெப்பேன்." அதோட விடலை. அவன் வீட்டுக்குள்ள வரும்போதெல்லாம் கதவுலயே நிறுத்தி வாயை மோந்து பாப்பா. முதல் மாசம் ரெண்டு தடவை பிடிச்சா. ரெண்டு தடவையும் ஊரே கேட்டுச்சு.

அப்பத்தான் நான் அந்த முட்டாள்தனத்தைப் பண்ணேன். பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு கடையில விரல் நீளத்துக்குப் புகை மெஷின் விக்கறாங்கல்ல, அந்த வேப்பு, அதை வாங்கப் போனேன். புதினா இருக்கு, ஆப்பிள் இருக்குன்னு கடைக்காரி அடுக்கிக்கிட்டே போனா. கடைசில, "க்ரெம்பிட்டா வாசம்கூட இருக்கு மாமா"ன்னா.

க்ரெம்பிட்டான்னா இவனுக்கு உசுரு. அது ஒரு கேக்கு, நாலு விரல் உயரத்துக்கு மஞ்சள் வெனிலா க்ரீம், மேலயும் கீழயும் மொறுமொறுன்னு மாவு அடுக்கு, மேல வெள்ளையா சர்க்கரைத் தூள். சிகரெட்டும் போகும், இனிப்பு ஆசையும் தீரும், ஒரே கல்லுல ரெண்டு மாங்கான்னு நெனச்சு நானே வாங்கிக் கொடுத்தேன்.

முதல் இழுப்புல கண்ணை மூடிக்கிட்டான். "டேய்... அதேதான்டா."

அதுலேர்ந்து காப்பிக் கடைக்குள்ள அவன் வந்தா பேக்கரியே நடந்து வர்ற மாதிரி இருக்கும். "கதவைச் சாத்துங்கப்பா, கேக்கு வந்திருச்சு"ம்பானுங்க. என் நெலமையைக் கேக்கணுமே! அவன் ஊதுவான், நான் எச்சில் விழுங்குவேன். நான் சாதாரணமா இனிப்புக்கு அலையறவன் இல்லை. இந்த வெனிலா நாள் பூரா மூக்குல ஏறி ஏறி, கனவுல கேக்கு வர ஆரம்பிச்சிருச்சு. எந்திரிச்சுப் போய் ஊறுகாய் மிளகாயைக் கடிச்சுக்கிட்டுப் படுப்பேன். எங்க அத்தை செத்த நாப்பதாம் நாள், வால்நட்டும் சர்க்கரையும் போட்ட கோதுமைப் பிரசாதம் கொடுத்தாங்க. ஒரு ஸ்பூன் எடுக்கலைன்னா செத்தவங்களை அவமதிச்ச மாதிரி. வாயில போட்டு, யாரும் பாக்காம கைக்குட்டையில துப்பினேன். அத்தை என்னை மன்னிக்கணும். கூமுக்குக் கொடுத்த வாக்கு.

நோன்புக் காலம் வந்துச்சு. பால், முட்டை, இறைச்சி எதுவும் கூடாது. ஸ்ரெட்கோவுக்கு ஒரு சந்தேகம். "க்ரெம்பிட்டாவுல பாலும் முட்டையும் இருக்கே. அந்தப் புகையை இழுத்தா நோன்பு முறியுமா?" கேலின்னு நெனச்சா, நிசமாவே பாதிரியார்கிட்டப் போய்க் கேட்டான். அவர் தாடியைத் தடவிக்கிட்டே, "புகையில பால் இல்லை ஸ்ரெட்கோ. ஆனா உன் மனசுல இருக்கே"ன்னு அனுப்பிட்டாரு. உடனே போய் வால்நட் வெச்ச பக்லாவா இனிப்போட வாசம் வாங்கிட்டான். அதுல பால் கிடையாதாம். "சாமிக்கும் கணக்கு சரி, எனக்கும் சரி"ன்னான். ஊரே சிரிச்சுது.

ஒரு நாள் அந்த நோன்புல அவன் பக்கத்துல உக்காந்திருக்கேன். கையில பக்லாவா மெஷின். வாயைத் திறந்து பேசறான், வெனிலா அடிக்குது.

"என்னடா, நோன்புல க்ரீம் வாசம்?"

"பழசு மெஷினுக்குள்ள ஒட்டிக்கிட்டுப் போகவே மாட்டேங்குது கூமே."

நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்?

மே மாசம் பத்தொம்பதாம் தேதி காலையில மருமகன் போன் பண்ணான். "மாமா, பொண்ணு. மூணு கிலோ நானூறு." காப்பிக் கடையில எல்லாரும் எந்திரிச்சு என் மேல பாய்ஞ்சானுங்க. பிள்ளை பொறந்தா அப்பன், தாத்தா சட்டையைக் கிழிக்கறது எங்க வழக்கம். காலர் ஒருத்தன் கையில, ஒரு சட்டைக்கை இன்னொருத்தன் கையில. முதுகு பூரா காத்து. அந்தக் கோலத்துலயே, அழுதுக்கிட்டும் சிரிச்சுக்கிட்டும், விருந்துக்குக் கேக்கு சொல்லிட்டு வரலாம்னு தெஸ்தானோட மிட்டாய்க் கடைக்குப் போனேன்.

தெஸ்தான் நல்ல மனுசன். கிழிஞ்ச சட்டையைப் பாத்ததும் கல்லாவை விட்டு ஓடி வந்து கட்டிக்கிட்டான். "தாத்தா ஆயிட்டீங்களா! உக்காருங்க, உக்காருங்க. வழக்கமா போற ரெண்டு க்ரெம்பிட்டா இன்னிக்கு என் கணக்கு."

"என்ன வழக்கம்?"

"உங்க வழக்கம்தான்ணே. தினம் ரெண்டு. ஸ்ரெட்கோ அண்ணன்தானே வந்து உங்களுக்கு வாங்கிட்டுப் போறாரு." என்னைத் தட்டிக் கொடுத்தான். "அந்த மனுசனைப் பாத்தா எனக்குக் கண்ணு கலங்கும்ணே. தன்னால வாயில வெக்க முடியாது, கூமுக்காகத் தினம் சுமக்கறாரு. நவம்பர்லேர்ந்து ஒரு நாள் தவறலை."

"நோன்புலயுமா?"

தெஸ்தான் குரலைத் தாழ்த்தினான். "நான் முஸ்லிம், உங்க நோன்பைப் பத்தி நான் பேசக் கூடாது. ஆனா வர்றவங்கல்லாம் கேட்டாங்கண்ணே, திஹோமிர் நோன்புல இப்படித் தின்னலாமான்னு. வயசானவருக்கு நாக்கு கேக்குது, விடுங்கன்னு சமாளிச்சேன்."

தட்டைக் கொண்டாந்து முன்னால வெச்சான். எட்டு மாசம் கழிச்சு நிச க்ரெம்பிட்டாவைப் பக்கத்துல பாக்கறேன். க்ரீம் லேசா ஆடுது.

"எனக்கு வேணாம் தெஸ்தான்."

"நீங்களா வேணாங்கறீங்க?"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சான்.

வெளிய வர்றேன், எதிர்ல ஸ்ரெட்கோ. சேதி கேட்டுக் காரை நிறுத்திட்டு லேசா நொண்டிக்கிட்டே ஓடி வர்றான், ஒரு கையில ரக்கியா சாராய பாட்டில், வாயில மெஷின். "கூமே! எல்லாத்தையும் கிழிச்சிட்டானுங்களா? எனக்குன்னு ஒரு பட்டன் கூட மிச்சம் வெக்கலையா?" என் நெஞ்சுல தொங்கின துணியைப் பிடிச்சான்.

"கையை எடு. காரைத் திற."

"என்னடா ஆச்சு?"

"திறடா."

உள்ள உக்காந்து முன் பக்க டப்பாவை நானே இழுத்தேன். மடிச்ச காகிதக் கைத்துணி ஒரு கட்டு. சின்னச் சின்ன பிளாஸ்டிக் முள்கரண்டி, ஒரு கை நிறைய. சர்க்கரைத் தூள் என் மடியில கொட்டுச்சு.

அவன் பாட்டிலைக் கீழ வெச்சான்.

"நான் செத்தவங்க பிரசாதத்தைத் துப்பினேன்டா. உனக்காக. நீ என் பேரைச் சொல்லித் தின்னிருக்கே."

"வேற யார் பேரைச் சொல்றது? என் பேருல எவனும் தர மாட்டான். உன் பேரைச் சொன்னா கேள்வி கேக்காம கட்டிக் கொடுக்கறானுங்க."

"ராதுன்கா வாயை மோந்து பாக்கலை?"

"பாத்தா. தினம் வெனிலாதான் அடிக்குது, மெஷின்னு விட்டுட்டா." சொல்லிட்டு அவனே தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நான் வாங்கிக் கொடுத்த சாமான், அவன் ஒளிஞ்சுக்கறதுக்கு நான் போட்டுக் கொடுத்த வேலி.

அப்புறம் திடீர்னு கோவமா நிமிந்தான். "மிளகாயும் ரொட்டியும் தின்னுட்டு நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்டா. நீதான் இதை வாயில வெச்சே. நாள் பூரா வாசம், நாள் பூரா நாக்குல தித்திப்பு, விழுங்கறதுக்கு ஒண்ணும் இல்லை. வெறி பிடிச்சிருச்சு. முதல் நாள் அழுதுக்கிட்டேதான் தின்னேன்."

"ரெண்டாவது நாள்?"

குனிஞ்சு என் மடியில கிடந்த சர்க்கரைத் தூளைத் தட்டிவிட்டான்.

தின்னதை நான் மன்னிச்சிருப்பேன். நாக்கு எல்லாருக்கும் இருக்கு. தினம் சாயங்காலம் என் எதிர்ல உக்காந்து, "எவ்வளவு கஷ்டமா இருக்கு இல்ல கூமே"ன்னு கேப்பானே, என் தொடையைத் தட்டி, "பொறு, பிள்ளை வந்துரும்"பானே, அதைத்தான் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை.

வீட்டுல சொன்னேன். "அவன் கையில என் பேத்தியைக் கொடுக்க மாட்டேன்."

ஸாகோர்கா துணி மடிச்சுக்கிட்டே சொன்னா, "கூமை மாத்தற வீடா நம்ம வீடு? நாளைக்கு இவ வளந்து, என் ஞானத்தகப்பன் யாருன்னு கேட்டா, கேக்குக்காகத் துரத்திட்டோம்னு சொல்லுவியா?"

"கேக்குக்காக இல்லைடீ."

"தெரியும்யா"ன்னா. அடுத்த துணியை எடுத்தா.

ஜூன்ல ஸ்ரெட்கோவுக்கு ரெண்டு கால்விரல் எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன், கதவுகிட்டயே நின்னுட்டு வந்துட்டேன். "கூமே, நிப்பேன்டா"ன்னு கட்டில்லேர்ந்து கத்தினான். நர்சு அதட்டினாங்க.

போன சனிக்கிழமை ஞானஸ்நானம். ஸாகோர்கா சொன்னபடி கூமை மாத்தலை. நின்னான். கட்டுப் போட்ட காலுல அவன் மகனோட பெரிய செருப்பு. உக்காருன்னு பாதிரியாரே நாற்காலி காட்டினாரு, வேணாம்னுட்டான். லென்காவை ரெண்டு கையிலயும் வாங்கினான். அவனுக்குப் பின்னாடி ஒட்டி நின்னேன். விழுந்தா பிடிக்கணும். யாரைன்னு கேக்காதீங்க.

பாதிரியார் மேற்கே திரும்பச் சொன்னாரு. பிள்ளைக்குப் பேச வராது, அவளுக்குப் பதிலா ஞானத்தகப்பன் சொல்லணும்.

"சாத்தானை விட்டு விலகறியா?"

"விலகறேன்."

மூணு தடவை கேட்டாரு. மூணு தடவையும் சொன்னான், குரல் உடைஞ்சு, கண்ணுல தண்ணியோட.

"விலகிட்டியா?"

"விலகிட்டேன்."

"அப்ப ஊது. அவன் மேல துப்பு."

ஸ்ரெட்கோ கன்னத்தை உப்பிக்கிட்டு ஊதினான். மெழுகுவத்தி வாசம், சாம்பிராணி வாசம் எல்லாத்தையும் தாண்டி வெனிலா வந்துச்சு, நேரா என் மூக்குக்கு.

மெஷினா, கேக்கா? கழுத்தை நீட்டி மோந்து பாத்தேன். தெரியலை.

அவன் லேசாத் திரும்பி, உதடு அசையாம, "மெஷின்தான் கூமே. சத்தியமா"ன்னான்.

நான் கையைப் பிள்ளைக்குக் கீழ இன்னும் கொஞ்சம் கொண்டுபோய் வெச்சுக்கிட்டேன்.