கள்ளும் இல்லை, வயசும் இல்லை

ஓம் பிள்ளை, உவை கதைக்கிறது பொய்யில்லை. என்ரை மனுசன் கள்ளுத் தவறணைக்கு முன்னாலைதான் விழுந்து கிடந்தவர். ஆனால் கள்ளுக் குடிச்சு விழேல்லை. இப்பிடி இரு, சொல்லுறன். எனக்கும் கால் உளையுது.

போன வெங்காய நடுகைக்கு முதல், இஞ்சை சுன்னாகத்திலை, மாட்டுக்கொட்டிலுக்குள்ளை குனிஞ்சு போகேக்கை கூரை வளையிலை அவருக்குத் தலை இடிபட்டது. ஒரு சொட்டு ரத்தம் வெளியிலை வரேல்லை. நெஞ்சு வருத்தத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுறவர், அதை ஆர் நினைச்சது? கன நாள் போய்த்தான் இடக்கால் இழுபட வெளிக்கிட்டது. செருப்பு கழண்டதும் தெரியாமல் வீட்டை வருவார். ஊர் கள்ளு எண்டுது, மகன் வயசு எண்டான். விழுந்த பிறகு ஆசுப்பத்திரியிலை தலையைப் படம் பிடிச்சால், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவிலை பழைய ரத்தம் தேங்கி நிக்குதாம்.

மண்டையிலை துளை போட்டு எடுத்தவை. எழும்பி நடந்தார். பிறகு பார்த்தால் திரும்பவும் ரத்தம் ஊறிப்போச்சு. கொழும்புக்குக் கொண்டு ஓடினம். ஆசுப்பத்திரி மர வாங்கிலை இருந்து இருந்து என்ரை கால் வீங்கி, அழவும் ஏலாத அலுப்பு. இவரோ, "இனி என்ரை மண்டையிலை ஆரும் கை வைக்கேலாது. வீட்டை கொண்டு போ, அங்கை கிடந்து சாகிறன்" எண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டார்.

ஒரு பொம்பிளை டொக்டர் வந்து, "மண்டையைத் திறக்கேல்லை ஐயா. தொடையிலை சின்னத் துளை. அதாலை மெல்லிய குழாயை மேலை விட்டு, ரத்தம் ஊறப்பண்ணுற நாளத்தை அடைக்கப் போறம்" எண்டவ.

"தொடைக்கும் தலைக்கும் என்ன பிள்ளை சம்பந்தம்?" எண்டார் இவர்.

நான் பள்ளிக்கூடம் போகாதவள், ஆனால் இது எனக்கு விளங்கிச்சு. "உள்பாவாடைக்கு நாடா கோக்கிறதைக் காணேல்லையே? ஊசியிலை கொழுவி ஒரு ஓட்டையாலை விட்டால், கிழிக்காமல் கொள்ளாமல் சுத்திப் போகும்" எண்டன்.

"பாருங்கோ டொக்டர், உவள் என்னைப் பாவாடையாக்கிப்போட்டாள்."

கன நாளைக்குப் பிறகு சிரிச்சார். சிரிச்சுப்போட்டு, "சரி, கோத்துப் பாருங்கோ" எண்டார்.

நாளத்தை அடைச்சும் தேங்கினது உடனை போகேல்லை. மெல்ல மெல்லத்தான் வத்தினது. இப்ப படத்திலை ஒண்டும் இல்லையாம்.

அந்த அலுப்பு இன்னும் என்ரை உடம்பை விட்டுப் போகேல்லை பிள்ளை. எண்டாலும் அவர் தோட்டத்துக்குப் போகேக்கை பின்னாலை நிண்டு அந்த நடையைப் பார்க்கிறதுதான் எனக்கு இப்ப பெரிய சந்தோசம். வயசுபோனதுகள் தடுமாறினால், வயசுதானே எண்டு மட்டும் விட்டிடாதை. பொறு, தொட்டி நிறைஞ்சு வழியுது, மோட்டரை நிப்பாட்டிப்போட்டு வாறன்.