நூல் எப்படி வளையும்?

ஜனவரி 12: 214
ஏப்ரல் 6: 198
ஜூலை 20: 241
அக்டோபர் 5: 176

வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவுகள் இவை. டைல்ஸ் மேஸ்திரிக்கு வயது அறுபத்து மூன்று. சர்க்கரை வந்து பதினெட்டு வருடம். கண்ணை மட்டும் யாரிடமும் காட்டியதில்லை. பார்வை மங்கியபோதுகூட, "புரைதான். முத்தட்டும், எடுத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டார்.

அக்டோபர் ஏழாம் தேதி ஒரு வீட்டுக் கூடத்தில் தரை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான்காவது வரிசை முடிந்ததும் மேஸ்திரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. குந்திப் பார்த்தார், எழுந்து சுவரோரம் போய்ப் பார்த்தார்.

"பேத்துடு மச்சான். நடுவுல வயிறு தள்ளுது."

மனைவியின் தம்பிதான் அவருக்கு வேலைக் கூட்டாளி. "வரிசைக்கா, உங்களுக்கா மாமா?" என்று சிரித்தபடி பெயர்த்தான். மறுபடி ஒட்டினார்கள். மறுபடியும் வளைவு. மூன்றாம் முறை பெயர்க்கச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. இரண்டு ஆணி அடித்து நூலை இழுத்துக் கட்டினான்.

"இப்பப் பாருங்க."

"நூலே வளைஞ்சிருக்குடா. வேற நூல் எடு."

"விண்ணுன்னு இழுத்துக் கட்டின நூல் எப்படி மாமா வளையும்?"

எத்தனையோ கொத்தனார்களை மேஸ்திரியே இதே கேள்வி கேட்டு மடக்கியிருக்கிறார். வலக்கண்ணைப் பொத்தினார், நூல் நேராக இருந்தது. இடக்கண்ணைப் பொத்தினார்; நடுவில் நெளிந்தது. கரணையைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால்தானே! வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தார்.

"தரை தேஞ்சிடப் போகுது, உட்காருங்க" என்று மனைவி அதட்டினாள்.

"தேயட்டும். நான் போட்ட தரையா என்ன?"

உள்ளே பரிசோதித்த டாக்டரம்மா, "புரை கொஞ்சம்தான் இருக்கு. சர்க்கரையால விழித்திரையில ரத்தக்குழாய் கசிஞ்சு, நடுவுல நீர் கோத்திருக்கு" என்றார்.

"முத்தட்டும்னு இருந்தேன்மா."

"இது முத்தினா பார்வையே போயிடும். இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. வலிக்காது, அதான் தெரியல. வருஷா வருஷம் வந்து காட்டியிருக்கணும்."

"திரும்ப வேலை பார்க்க முடியுமா?"

"ஊசி போட்டுப் பார்க்கலாம். எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது."

வலக்கண்ணை மரத்துப்போக வைத்து, அதிலேயே மாதம் ஒரு ஊசி. சர்க்கரையோடு ரத்த அழுத்தத்தையும் மனைவி கறாராகக் கவனித்தாள். மேஸ்திரிதான் வீட்டில் நிலைகொள்ளாமல் அலைந்தார். ஜன்னல் கம்பி, கதவு நிலை, எதிர்வீட்டு மதில் என்று எது நேராக நின்றாலும் ஒரு கண்ணைப் பொத்தி மறுகண்ணால் பார்த்தார்.

"யாருக்குங்க கண்ணடிக்கிறீங்க?"

"கம்பிக்கு. அது இன்னும் திரும்பிப் பார்க்கல."

ஒவ்வொரு ஊசிக்குப் பின்னும் ஸ்கேன் முடிவு கடிதத்தில் வந்தது. மனைவிதான் படித்தாள்: ஊசியைத் தொடரவும். ஐந்தாவது ஊசிக்குப் பின், மார்ச் 11 அன்று வந்ததை அவள் பிரிக்குமுன் மேஸ்திரி பிடுங்கிக்கொண்டார். இடக்கண்ணைப் பொத்தி, எழுத்துக் கூட்டுவதுபோல் நிதானமாகத் தானே படித்தார். நீர் வற்றிவிட்டது, ஊசி இப்போதைக்கு வேண்டாம், இரண்டு மாதம் கழித்து இரு கண்களையும் காட்டவும். வரிகளின் நடுவில் மட்டும் இன்னும் லேசான நெளிவு இருந்தது.

மச்சானுக்குப் போன் போட்டார். "நாளைக்கு வர்றேன்டா. நூலை நீ கட்டு. நீ நேர்னு சொன்னா நேர்."