திருப்பச் சொன்ன ஆள்

முத்தலிபுவுக்கு மலை பிடிக்காது. ஆனாலும் கடலோரக் கண்டக்குழியில் காற்று ஓயும் மாதங்களில் அவர் மலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடல்மேல் ஓடும் வெள்ளைக்காரர்கள் அந்த மாதங்களில் வருவதில்லை. வேனும் ஆட்களும் சும்மா கிடக்கக்கூடாது என்று லொட்ஜ் முதலாளி முபாறக், கொழும்பு ஆட்களைச் சேர்த்து நக்கிள்ஸ் மலையில் ஆற்றோரக் கூடார முகாம் ஒன்றுக்கு அனுப்பத் தொடங்கினார். வேனை ஓட்டுவதும் சமைப்பதும் அம்ஜத். காட்டு வழியில் நீர்வீழ்ச்சிகளுக்குக் கூட்டிப்போவது முத்தலிபு.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு அகதியாக வந்து இறங்கியபோது அவருக்கு மீசை அரும்பும் வயது. கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு கூலிக்குக் கடலுக்குப் போனார். பிறகு ஒரு வள்ளத்துக்கு ஓட்டியானார். வள்ளத்தை மணலில் ஏற்றி இறக்கியே வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. யுத்தம் முடிந்து லொட்ஜுகள் வந்தபோது கரையில் வேலை கிடைத்ததே போதும் என்று நின்றுகொண்டார். மலை வழிகளை அடிவாரத்து ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவரோடு நடந்து பழகினார்.

முழங்கால் கதை மனைவி ஹவ்வாவுக்கு மட்டும் தெரியும். முபாறக்குக்குத் தெரிந்தால் மலைப் பயணம் போய்விடும். மிஞ்சுவது லொட்ஜ் முற்றம் கூட்டும் வேலைதான்.

அந்தத் தடவை வந்தவர்கள் கொழும்பில் ஒரே கந்தோரில் வேலை செய்கிற ஆறு பேர். கீழ் நீர்வீழ்ச்சியில் காலையிலேயே குளித்துவிட்டார்கள். மேல் நீர்வீழ்ச்சியைப் பார்க்காமல் போவதில்லை என்று அவர்களில் மூத்தவனான விதுஷன் நின்றான். சோற்றுப் பார்சல்களைச் சுமந்துகொண்டு அம்ஜத்தும் கூட வந்தான். வானம் வெளித்திருந்தது. அட்டைகூட அதிகம் இல்லை.

ஏற்றம் தொடங்கியதும் முத்தலிபுவின் கால் இறுகிக்கொண்டது. வேரைப் பிடித்து, இடது காலை முன்னே வைத்து, வலதை இழுத்து எடுத்தார். மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் நின்று, ஏதாவது ஒரு மரத்தைக் காட்டினார்.

"இது பாருங்க, பழைய காலத்து மரம். பட்டை மருந்துக்கு ஆகும்."

"அண்ணே, இந்த மரத்தைக் கீழயும் காட்டினீங்க," என்றாள் ஜூலியானா. எல்லோரும் சிரித்தார்கள்.

"அது இதுட தம்பி," என்றார் முத்தலிபு. அவரும் சிரித்தார். நெற்றியில் வியர்வை ஓடியது.

மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்கத் தொடங்கிய இடத்தில் பாறைப் படிகள் இருந்தன. முத்தலிபு முதல் படியில் கையை ஊன்றி நின்றார். கால் எழும்பவில்லை. பின்னால் அம்ஜத் பார்சல்களைக் கீழே வைத்தான்.

"நானா, திருப்பு."

முத்தலிபு திரும்பி அவனைப் பார்த்தார்.

அது வள்ளத்துச் சொல். அம்ஜத் மூன்று வருடம் அவருடைய வள்ளத்தில் இருந்தவன்; அண்ணன் முறை வைத்து அவரை நானா என்றே கூப்பிடுவான். அந்த வள்ளத்தில் யார் அந்தச் சொல்லைச் சொன்னாலும் ஓட்டி கரைக்குத் திருப்ப வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. கரைக்கு வந்தபின் அதை வைத்துக் கேலி பேசவும் கூடாது. கேலிக்குப் பயந்து காய்ச்சலை மறைத்தவன் நடுக்கடலில் எல்லோருக்கும் பாரம் என்று முத்தலிபுதான் அதைப் பழக்கியிருந்தார். அவர் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை.

"திரும்புவம்," என்றார் அவர்.

"என்ன அண்ணே, சத்தம் கேக்குதே! இவருக்கு ஏலாட்டி இங்க இருக்கட்டும், நாங்க போவம்," என்றான் விதுஷன், அம்ஜத்தைக் காட்டி.

"வந்தவங்க எல்லாரும் ஒண்டாத்தான் போகணும், ஒண்டாத்தான் வரணும். திரும்புங்க."

இறங்கும்போது பேச்சு முழுக்க அம்ஜத்தைப் பற்றியதாக இருந்தது.

"சோத்துப் பானையைத் தூக்கிறவருக்கு மலை சரிவராது."

"வயிறு முன்னால போகுது, ஆள் பின்னால வாறார்."

"வயித்துக்குள்ள ஈக்கிறதெல்லாம் நான் சமைச்ச கோழிதான், வேறென்ன," என்று அம்ஜத்தும் சேர்ந்து சிரித்தான். முத்தலிபுவுக்குப் பக்கத்தில் வந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏன்டா அப்பிடிச் சொன்னாய்?"

"கேக்கப்படாது நானா. நீங்கதானே பழக்கின."

பின்னால் விதுஷன் கோபமாகவே பேசிக்கொண்டு வந்தான். "விளையாட்டில்ல. போனதும் முபாறக்கிட்ட சொல்லப்போறன். இந்த ஆளை இனி அனுப்ப வேணாம் எண்டு."

அம்ஜத்தின் சிரிப்பு நின்றது. அவனுக்கு மூன்று பிள்ளைகள். முத்தலிபு இன்னும் இரண்டு கல் இறங்கினார். பிறகு வழியை மறித்து நின்றுகொண்டார்.

"தம்பி, இவனுக்கு ஒண்டும் இல்ல. ஏலாம நிக்கிறது நான்தான். முழங்கால். முதலாளிக்கிட்ட சொல்றதெண்டா என்ட பேரைச் சொல்லுங்க."

"ஒங்களுக்கு விசரா நானா?" என்றான் அம்ஜத்.

மற்றவர்கள் அவருடைய காலைப் பார்த்தார்கள். ஜூலியானாதான் கேட்டாள். "அப்ப ஏன் அண்ணே ஏறினீங்க?"

"ஏறினாத்தானே தங்கச்சி வேலை."

விதுஷனின் குரல் இறங்கியிருந்தது. "இப்ப இறங்க ஏலுமா?"

"இறக்கம்தான் கூட நோகும். மெல்லப் போவம். என்னைத் தாண்டிப் போகாதீங்க, கீழ வழி ரெண்டாப் பிரியும்."

பெரிய கற்கள் வந்த இடங்களில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். இப்போது நின்று மரம் காட்டவேண்டியிருக்கவில்லை. நோகும்போது நின்றார். எல்லோரும் நின்றார்கள்.

விஷயம் காதுக்கு வந்தபோது முபாறக் ஏசவில்லை. முதலே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் சொன்னார். அடுத்த பயணத்துக்கு வேறு ஆள் போனான். காற்று இல்லாத மாதத்தில் முற்றத்தில் குப்பை அதிகம் சேருவதில்லை. வெயில் ஏற முன்பே கூட்டி முடித்துவிட்டு, முத்தலிபு காலை நீட்டிக்கொண்டு நிழலில் கிடந்த கதிரையில் இருந்தார். யாரும் அவரை எழும்பச் சொல்லவில்லை. மலை ஏறிய நாட்களில்கூட, இப்படிச் சும்மா இருந்து அலுப்பதுபோல் அலுத்ததில்லை என்று இரவில் ஹவ்வாவிடம் சொன்னார். அவள் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து, காலை நீட்டச் சொன்னாள்.