ஞாபகப் பரிசோதனையில் என் பெயர்

தொண்ணூறுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்கு ஞாபகம் நழுவத் தொடங்கியது. தொழிற்சாலையில் லேத் ஓட்டி ரிட்டையர் ஆனவர், கையெழுத்துப் போடச் சொன்னால் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்காக நான் கையெழுத்துப் போட வேண்டுமானால் கோர்ட் உத்தரவு வேண்டும். அதற்கு, இவருக்குப் புத்தி சுவாதீனமில்லை என்று சர்க்கார் டாக்டர் சோதித்து எழுதித் தர வேண்டும். சட்டம் அப்படி என்றார் வக்கீல். என்ன சட்டமோ போங்கள். மனுஷர் சோதனையில் தோற்றால்தான் காரியம் நடக்கும். நானோ மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டருகே பஸ் ஏறியதிலிருந்தே, எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லித் தொலைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை குட்டி கிடையாது. இவரும் என்னை மறந்துவிட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது?

டாக்டர் சின்ன வயதுக்காரர், கன்னடத்தில்தான் கேட்டார். நான் எடுத்துக்கொடுக்கக் கூடாதாம். ஓரமாக உட்கார வைத்துவிட்டார். எந்த ஊர்? மைசூர் என்றார் இவர். என்ன மாதம்? சுவரில் காலண்டரைத் தேடினார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதற்கு, "மொதல்ல டீ வரட்டும் சார்" என்று தமிழில் தப்பித்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு டாக்டர் என்னைக் காட்டி, மனைவியின் பெயர் என்ன என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுபடி கேட்டும் வாய் திறக்கவில்லை. டாக்டர் முட்டை போட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களில் அந்தக் காலத்து ஆண்கள் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், கல்யாணமான நாளாய் எனக்கு "இந்தா"தான் என்று கன்னடத்தில் எடுத்துச் சொன்னேன்.

"அதக்கெல்லா மார்க்ஸ் இல்லம்மா" என்றார் டாக்டர், மரியாதையாகத்தான்.

மறதியா, கூச்சமா? பஸ்ஸில் வழியெல்லாம் அதே நினைப்பு. யாரிடமாவது சொல்லி அழலாமென்றால், இத்தனை வருஷமாக நான் எதையும் சொல்லி அழுதது இவரிடம் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து காபி கொடுத்துவிட்டுக் கேட்டேவிட்டேன். "டாக்டர் கேட்டப்ப ஏன் பேரைச் சொல்லல?"

"வெளியாளுங்க முன்னாடி சம்சாரத்தோட பேரைச் சொல்லுவாங்களா?" என்றார். முகத்தில் அதே பழைய வெட்கம்.

போன உயிர் திரும்பி வந்தது. அந்த டாக்டரை மனதாரத் திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன். "இப்பதான் வெளியாளு யாருமே இல்லியே. சொல்லுங்க."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க இருக்கீங்களே, மேடம்."